டைவ் லைட் வாங்குகிறீர்களா? லூமனுக்கு முன்னால் பேட்டரியைப் பாருங்கள்

நாகை, காரைக்கால், தரங்கம்பாடிக்காரர்களுக்குக் கடல் வீட்டு வாசலில்தான் இருக்கிறது. ஆனால் ஸ்கூபா என்று வரும்போது நாம் முங்கப் போகும் கடல் பெரும்பாலும் வேறு ஊர்க் கடல். புதுச்சேரி என்றால் பஸ்ஸிலேயே போய்விடலாம். அந்தமான் என்றால் திருச்சியில் ஏறி, சென்னையில் மாறி, ஸ்ரீ விஜயபுரத்தில் (பழைய போர்ட் பிளேர்) இறங்கி, அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக் தீவு. இலங்கை என்றால் திருச்சியிலிருந்து நேரே கொழும்பு. ஆக, நம் ஊரில் வாங்கும் டைவ் லைட், அதாவது நீருக்கடி விளக்கு, உப்புத் தண்ணீரைப் பார்க்கும் முன்பே இரண்டு மூன்று பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டியாக வேண்டும். விளம்பரத்தில் 3000 லூமன், 5000 லூமன் என்று வெளிச்சத்தின் அளவை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. எந்த வகை லைட் டெல்டாவிலிருந்து விமானம் ஏறுகிறவருக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பதைப் பேட்டரியிலிருந்து தொடங்கித்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு பெருக்கல். பேட்டரியின் மேல் வோல்ட்டும் மில்லி ஆம்பியர் மணியும் அச்சிட்டிருக்கும். மில்லி ஆம்பியரை 1000 ஆல் வகுத்து வோல்ட்டால் பெருக்கினால் வாட்-ஹவர் கிடைக்கும். விமானக்காரர்கள் பார்ப்பது இந்த ஒரு எண்ணைத்தான். 18650 என்ற அளவிலுள்ள லித்தியம் செல் 3.6 வோல்ட், 3500 மில்லி ஆம்பியர் என்றால் 12.6 வாட்-ஹவர். அதைவிடச் சற்றுத் தடித்த 21700 செல் 5000 மில்லி ஆம்பியர் என்றால் 18 வாட்-ஹவர். 100 வாட்-ஹவர் வரை விமான நிறுவனத்தைக் கேட்காமல் உதிரி பேட்டரி எடுத்துப் போகலாம். 100க்கு மேல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதுவும் உதிரியாக இரண்டுக்கு மேல் கூடாது. 160ஐத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் இடமே இல்லை. உதிரி லித்தியம் செல் எதுவானாலும் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. சரக்கு அறையில் ஒரு செல் தீப்பிடித்தால் கை நீட்டி அணைக்க அங்கே ஆள் இல்லை. காரணம் அவ்வளவுதான், ஆனால் அது போதுமான காரணம்.

டைவ் லைட்டுக்கு இதற்கு மேலும் ஒரு விதி உண்டு. சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளில், தவறுதலாக எரிந்தால் தீ மூட்டும் அளவுக்குச் சூடாகும் கருவிகள் என்ற தலைப்பில் நீருக்கடி விளக்கைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அதைக் கைப்பையில் கொண்டுபோவதே நல்லது. பேட்டரியோ விளக்குத் தலையோ கழற்றப்பட்டு, ஒன்றோடொன்று தொடாமல் இருக்க வேண்டும். விமான நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும். சிறிய டார்ச்சுக்கு யாரும் இவ்வளவு கேட்பதில்லை. ஆனாலும் பெரிய வீடியோ லைட் வைத்திருப்பவர்கள் டிக்கெட் எடுத்த கையோடு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கவுன்டரில் நிற்கும்போது வாய்வார்த்தை எடுபடாது.

இந்தக் கணக்கோடு சந்தையில் கிடைக்கும் லைட்டுகளைப் பார்த்தால் தரவரிசை தலைகீழாக மாறிவிடும்.

ஒற்றை 18650 அல்லது 21700 செல் போட்டு எரியும், பேட்டரியைக் கையால் கழற்றக்கூடிய அலுமினிய டார்ச்தான் நம் தேவைக்கு முதலிடம். ஆர்காடார்ச் டி550, டி710 போன்றவை இந்த ரகம். முன்னது 18650, பின்னது 21700. உடலைத் திருகித் திறந்தால் செல் கையில் வந்து விழும். லைட் தனி, செல் தனி என்று தட்டில் வைத்துக் காட்டிவிட்டால் சோதனையில் கேட்க ஒன்றுமில்லை. செல் தேய்ந்துபோனால் செல்லை மட்டும் மாற்றலாம். லைட்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இதற்கு அதிக மதிப்பெண் தரலாம்.

உள்ளேயே பேட்டரி வைத்து மூடிய ரகம் அடுத்தது. லைட் அண்ட் மோஷன் நிறுவனத்தின் சோலா வரிசை இப்படிப்பட்டது. பயன்படுத்துகிறவர் திறக்கவேண்டிய மூடியே இல்லாததால், ஓ-ரிங்கில், அதாவது மூடியை அடைக்கும் ரப்பர் வளையத்தில், மணல் சிக்கித் தண்ணீர் புகும் தொல்லை இல்லை. கடலுக்குள் அது பெரிய நிம்மதி. விமானத்தில் கதை வேறு. பேட்டரியைக் கழற்றிக் காட்டு என்றால் காட்ட முடியாது. அத்தகைய லைட்டை வாங்குவதானால், பொத்தானைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், வாட்-ஹவர் அச்சிட்ட கையேட்டுப் பக்கத்தைக் கூடவே வைத்திருங்கள். இன்னொன்று, நாலைந்து வருடத்தில் பேட்டரி தளர்ந்தால் நம் ஊரில் அதைத் திறந்து மாற்ற ஆள் கிடைக்காது.

சாதாரண ட்ரை செல் போடும் பழைய ரகத்தைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். அது சரியில்லை. அண்டர்வாட்டர் கைனெடிக்ஸ் எஸ்எல்4 போன்ற லைட்டுக்கு நான்கு சி சைஸ் செல் போதும். டபுள்-ஏ செல்லில் எரியும் சிறிய லைட்டுகளும் உண்டு. வெளிச்சம் குறைவுதான். ஆனால் லித்தியம் விதிகள் எதுவும் இதைத் தொடாது, டபுள்-ஏ செல் எந்தத் தீவிலும் பெட்டிக்கடையில் கிடைக்கும். மாற்று விளக்காக, அதாவது முதல் விளக்கு அணைந்தால் கையில் எடுப்பதற்காக, இதைவிட நம்பகமானது கிடையாது. ஒரே எச்சரிக்கை: பழைய செல்லையும் புதிய செல்லையும் கலந்து போடாதீர்கள். வலுக்குறைந்த செல் எதிர்த்திசையில் மின்னேற்றம் ஆகி ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றுப் புகாத குழாய்க்குள் அது சேர்ந்தால் வெடிக்கும்.

பேட்டரியைத் தனிக் குப்பியில் வைத்து இடுப்பில் கட்டும் கேனிஸ்டர் ரகம் குகை முங்கலுக்கும் சிதைவுக் கப்பலுக்குள் நுழைவதற்கும் உருவானது. 10.8 வோல்ட், 13.5 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 145.8 வாட்-ஹவர். ஒப்புதல் இல்லாமல் விமானத்தில் ஏற்ற முடியாது. எடையும் கிலோக் கணக்கில். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான் வரம்பு, அதில் மூச்சுவிட உதவும் ரெகுலேட்டரும் கேமராவும் வேறு இருக்கும். ஹேவ்லாக் பவளப்பாறை பார்க்கப் போகிறவருக்கு இது தேவையே இல்லை.

இப்போது லூமன். ஒற்றைச் செல்லில் 3000 லூமன் என்று எழுதியிருப்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் என்று வைத்தால் 3000 லூமனுக்கு 30 வாட். 18 வாட்-ஹவர் செல் அதைத் தாங்குவது 36 நிமிடம், அதுவும் இழப்பு எதுவும் இல்லை என்றால். இரவு முங்கல் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் போகும். பாதியில் செல் தீரும், அல்லது சூடு ஏறி லைட் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே செல்லில் 1000 லூமனில் எரியவிட்டால் ஒன்றரை மணி நேரம் தாராளமாக வரும். ஆகவே உச்ச லூமனைப் பார்க்காமல், நடுத்தர வெளிச்ச நிலையில் எத்தனை லூமன், எத்தனை நிமிடம் என்று பாருங்கள். இரவு முங்கலுக்கு முதல் விளக்காக 800 முதல் 1000 லூமன், மாற்று விளக்காக 300 லூமன் இருந்தால் போதும்.

வெளிச்சத்தின் அளவைவிட அதன் விரிவு முக்கியம். 6 முதல் 10 டிகிரி வரை குறுகிய கற்றை கலங்கிய தண்ணீரிலும் ஊடுருவும், பாறை இடுக்கில் போகும், கூட்டாளிக்குச் சைகை காட்டவும் உதவும். வட்டம் போட்டால் ‘சரி’, மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினால் ‘இங்கே பார்’, வேகமாக ஆட்டினால் ஆபத்து. 100, 120 டிகிரிக்கு விரியும் வீடியோ லைட்டில் இந்தச் சைகை எதுவும் தெரியாது. கூட்டாளியின் கண்ணைக் கூச வைப்பதோடு சரி.

சோழமண்டலக் கரையில் இது இன்னும் முக்கியம். காவிரியும் கொள்ளிடமும் கொண்டுவந்து கொட்டும் வண்டல் நம் கரையோரத் தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும். வாடைக்காற்று மாதங்களில் சொல்லவே வேண்டாம். பூம்புகாருக்கு அப்பால் தேசியக் கடலியல் நிறுவனம் 1981 முதல் கடலடி ஆய்வு செய்திருக்கிறது. சுமார் 19 மீட்டர் ஆழத்தில் ஈயக் கட்டிகளோடு ஒரு சிதைவுக் கப்பலையும் கண்டது. அப்படிப்பட்ட தண்ணீரில் விரிந்த வெளிச்சத்தைப் போட்டால், மழை நேரத்தில் காரின் ஹைபீம் போட்டதுபோல வண்டல் துகள்தான் வெள்ளையாகத் தெரியும், பொருள் தெரியாது. படம் எடுப்பவர்களும் விளக்கைக் கேமராவுக்கு நேர் மேலே வைக்காமல், கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் இந்த வெண்புள்ளிகள் குறையும்.

அந்தமான் போன்ற தெளிந்த தண்ணீரில் பகலிலும் டார்ச் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கும். ஐந்து மீட்டருக்குக் கீழே சிவப்பு மங்கி, ஆழம் போகப் போகப் பவளம் எல்லாம் நீலச் சாம்பலாகத் தெரியும். பக்கத்தில் போய், ஒரு மீட்டர் தூரத்துக்குள் வெளிச்சம் அடித்தால் நிறம் திரும்பி வரும். அதைத் தாண்டினால் வெளிச்சமே நீலமாகித்தான் திரும்பும். எத்தனை லூமன் இருந்தாலும் தூரத்துப் பாறைக்கு நிறம் தர முடியாது. தூங்கும் மீனின் கண்ணில் நேராக அடிக்காதீர்கள். பாறைக்கு அடியில் ஒண்டியிருப்பவை மிரண்டு இருட்டில் எங்கேயாவது போய் மோதும்.

சுவிட்சைப் பற்றி ஒரு வார்த்தை. தலையைத் திருகினால் எரியும் ரகத்தில், ஓ-ரிங்கின் மேலேயே தலை சுழல்கிறது. ஒவ்வொரு திருகலும் ஒரு தேய்மானம். பாதி திறந்த நிலையில் ஆழம் போனால் தண்ணீர் அழுத்தமே தலையை உள்ளே தள்ளி எரியவைக்கும். காந்த வளையச் சுவிட்ச் உடலைத் துளைக்காமல் வெளியிலிருந்தே வேலை செய்வதால் தண்ணீர் புக வழி குறைவு. ஆனால் வளையத்துக்கு அடியில் மணலும் உப்பும் சேரும், கழுவும்போது ஆட்டி ஆட்டிக் கழுவ வேண்டும். இரண்டில் காந்த வளையமே மேலானது. கையுறை போட்டாலும் இயக்க முடிகிறதா என்பதைக் கடையிலேயே பாருங்கள்.

செல் வாங்கும்போதுதான் அதிகம் ஏமாறுகிறார்கள். 18650 செல்லில் 9800 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் அது பொய், யோசிக்கவே வேண்டாம். நல்ல நிறுவனங்களின் செல் பொதுவாக 3500 அளவில்தான் நிற்கும். உண்மையான 18650 சுமார் 45 முதல் 50 கிராம் இருக்கும். நகைக்கடைத் தராசில் வேண்டாம், சமையலறைத் தராசிலேயே வைத்துப் பாருங்கள், 30 கிராம்தான் இருக்கிறது என்றால் உள்ளே பாதி காலி. பாதுகாப்புச் சுற்று வைத்த செல் 65 மில்லிமீட்டர் இருக்காது, 68 முதல் 70 வரை நீளும். உங்கள் லைட்டுக்கு எது வேண்டும் என்று கையேட்டில் பார்க்காமல் வாங்கினால், மூடி கடைசி வரை திருகாது. மூடி முழுவதும் இறங்கவில்லை என்றால் ஓ-ரிங் தன் இடத்தில் உட்காரவில்லை என்று அர்த்தம். அங்கேதான் தண்ணீர் புகும். முனை தட்டையா, மேடா என்பதையும் பாருங்கள். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை கிழிந்த செல்லை வைத்துக்கொள்ளாதீர்கள். உறைக்கு அடியில் இருக்கும் உலோகம் முழுக்க எதிர்மின் முனை, சாவிக்கொத்து பட்டால் போதும், ஷார்ட் ஆகிவிடும். எழுத்து அழிந்த செல்லும் பயணத்துக்கு உதவாது. வாட்-ஹவர் தெரியாத பேட்டரியை நிறுத்திவைக்கச் சோதனைக்காரருக்கு உரிமை உண்டு.

கிளம்புவதற்கு முந்தின இரவு செய்ய வேண்டியது இது. செல்லைக் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனி அறையுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். டப்பா இல்லை என்றால் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டித் தனித்தனி கவரில் போட்டால் போதும். டப்பாவின் மேல் எத்தனை செல், ஒன்றுக்கு எத்தனை வாட்-ஹவர் என்று பேனாவால் எழுதி ஒட்டுங்கள். கேட்கும்முன் பதில் இருந்தால் வரிசை நகரும். லைட்டின் மூடியை இறுக்க வேண்டாம், பாதி திருகில் விட்டுவிடுங்கள். பறக்கும்போது கேபின் அழுத்தம் ஏறக்குறைய 2000 மீட்டர் மலையில் இருப்பதுபோலக் குறையும். தரையில் இறுக்கி மூடிய குழாய்க்குள் அடைபட்ட காற்று அப்போது வெளியே தள்ளும். இறங்கிய பிறகு மூடி இறுகிக்கொண்டு திறக்க வராமல் போவதும், ஓ-ரிங் இடம் பிசகுவதும் இதனால்தான்.

திருச்சி–சென்னைத் தடத்தில் சிறிய ஏடிஆர் விமானம் வந்தால் இன்னொரு சங்கடம். மேல் அலமாரி சிறியது. ஏறும் படியிலேயே “சார், இந்தப் பையைக் கீழே போட்டுடறோம்” என்று கைப்பையை வாங்கிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் செல் டப்பா உள்ளேயே இருந்தால் அது சரக்கு அறைக்குப் போய்விடும். விதிப்படி அதை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே டப்பாவைப் பையின் அடியில் புதைக்காமல், ஒரே இழுப்பில் வரும் முன்ஜிப்பில் வையுங்கள். பவர் பேங்குக்கும் இதேதான். முங்கலுக்கு வைத்திருக்கும் கத்தி, வெட்டுக்கருவி, ஓ-ரிங் எடுக்கும் கூர்முனைக் கொக்கி இவை நேர்மாறாகச் செக்-இன் பெட்டிக்குப் போக வேண்டும். லைட்டோடு சேர்த்து ஒரே பையில் கட்டிவைத்தால் கொக்கியைப் பறிகொடுப்பீர்கள். ஓ-ரிங் எடுக்கக் கொக்கியே தேவையில்லை. பழைய ஏடிஎம் கார்டின் முனை போதும், வளையத்தில் கீறலும் விழாது.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை ஓ-ரிங். வளையத்தை எடுத்து விரல் நுனியில் ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத மணல் விரலுக்குத் தெரியும். துண்டாலும் வேட்டி நுனியாலும் துடைக்காதீர்கள். ஒரே ஒரு நூலிழை ஒட்டினாலும் அது தண்ணீருக்கு வாய்க்கால். கண்ணாடி துடைக்கும் துணிதான் சரி. லைட்டோடு வந்த கிரீஸை, குண்டூசித் தலையளவு எடுத்து, வளையம் மினுங்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். கிரீஸ் தண்ணீரைத் தடுப்பதில்லை, வளையம் சுருளாமல் வழுக்கி உட்கார உதவுகிறது, அவ்வளவுதான். அதிகம் தடவினால் மணலைப் பிடித்து வைக்கும். சிலிக்கான் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் போட்டால் வளையம் ஊதிப்போகும், வீட்டு வேஸ்லினும் எல்லா ரப்பருக்கும் ஒத்துவராது. பிறகு செல் போடாமல், உள்ளே ஒரு டிஷ்யூ தாளைச் சுருட்டி வைத்து மூடி, வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு எடுங்கள். ஆழமில்லாத இடத்திலேயே ஒழுகும் வளையம் நிறைய உண்டு, ஆழத்தில் அழுத்தம் வளையத்தைப் பள்ளத்தில் அமுக்கிப் பிடிப்பதால் அங்கே ஒழுக்கு நின்றுகூடப் போகும். தாள் நனைந்திருந்தால் உதிரி வளையத்தை மாற்றுங்கள். இரண்டு ஜோடி உதிரி கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

தரையில் வைத்து உச்ச வெளிச்சத்தில் எரியவிட்டுப் பார்க்க வேண்டாம். இந்த லைட் தண்ணீரில் குளிர்வதற்காகச் செய்தது. காற்றில் ஓரிரு நிமிடத்திலேயே கை சுடும்.

கடலுக்குள் லைட் திடீரென்று மங்கி, கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் தெரிந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உப்புத் தண்ணீரில் செல் முங்கினால் மின்பகுப்பு நடந்து வாயு உண்டாகும், குழாய்க்குள் அழுத்தம் ஏறும். மேலே வந்ததும் படகிலேயே, மூடியை யார் முகத்துக்கும் நேராக இல்லாமல் கடல் பக்கம் திருப்பி, மெதுவாகக் கால் திருகு திருகி, வாயு சீறி முடியும்வரை பொறுத்து, பிறகு திறக்க வேண்டும். நனைந்த செல்லைக் காயவைத்து மறுபடி சார்ஜ் போடவே கூடாது. விமானத்திலும் ஏற்றக்கூடாது. முங்கல் மையத்தில் சொல்லி அங்கேயே அப்புறப்படுத்த ஒப்படைத்துவிடுங்கள்.

சார்ஜ் விஷயத்தில் அவசரம் வேண்டாம். 5000 மில்லி ஆம்பியர் செல் ஒரு ஆம்பியரில் ஏற ஐந்தாறு மணி நேரம் ஆகும். தீவுகளில் மின்வெட்டு உண்டு. காலையில் முங்கல் என்றால் முந்தின மாலையே போட்டுவிடுங்கள், முழு சார்ஜுள்ள ஒரு உதிரி செல் எப்போதும் இருக்கட்டும். விதிப்படி ஆளுக்கு 20 உதிரி பேட்டரி வரை போகலாம் என்றாலும், ஒரு லைட்டுக்கு ஒரு உதிரி, மாற்று விளக்குக்கு ஒன்று என்பதற்கு மேல் தேவைப்படாது.

கடைசி முங்கல் முடிந்ததும் உடனே விமானம் ஏற முடியாது. ஒரே ஒரு முங்கல் என்றால் 12 மணி நேரம், பல நாள் பல முங்கல் என்றால் குறைந்தது 18 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும், உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற. அந்த நேரம் லைட்டுக்கும் பயன்படும். மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, தண்ணீருக்குள்ளேயே சுவிட்சைப் பத்துப் பதினைந்து முறை ஆட்டுங்கள். வெளியே எடுத்து, துடைத்து, திருகுப் பகுதி கீழே பார்க்கும்படி பிடித்துத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. ஊருக்கு வந்து கழுவுகிறேன் என்று தள்ளிப்போட வேண்டாம். நாகை, வேதாரண்யம், காரைக்கால் பக்கம் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் கடல் உப்பைக் கழுவி நிலத்து உப்பை ஏற்றியதுதான் மிச்சம். கொள்ளிடம் கூட்டுக் குடிநீரோ கேன் தண்ணீரோ நாலு லிட்டர் செலவழியுங்கள்.

வீட்டில் வைக்கும்போது செல்லை லைட்டுக்குள் விடாமல், பாதி சார்ஜில் தனி டப்பாவில் வையுங்கள். முழு சார்ஜில் சித்திரை வெயிலடிக்கும் அறையில் கிடந்தால் செல் சீக்கிரம் கிழடாகும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்துக்கு லைட்டின் உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடியைத் தளர்வாக விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செல்லின் வோல்ட்டை மல்டிமீட்டரில் பாருங்கள், 3.6க்கும் 3.8க்கும் நடுவில் இருக்க வேண்டும். 2.5க்குக் கீழே போன செல்லை அடுத்த பயணத்துக்கு எடுக்காதீர்கள்.